இடது கையில் இரண்டு விரல்கள் முடங்கியும் கிட்டாரின் போக்கை மாற்றியவர்... யார் இந்த ஜாங்கோ ரெய்ன்ஹார்ட்?

கிட்டார் கத்துக்க ஆரம்பித்த முதல் மாதத்தில் எல்லோருக்கும் ஒரே புலம்பல்தான். விரல் நுனி எரியுது, சுண்டு விரல் எட்டவே மாட்டேங்குது, எஃப் கார்டு பிடிச்சா பாதி தந்தி ஊமையா இருக்கு. நாலு பேர் கூடி இப்படிப் பேசும் இடத்தில் கொஞ்சம் அனுபவசாலி ஒருத்தர் இருந்தால், அவர் வாயிலிருந்து கட்டாயம் ஒரு பெயர் வரும்: ஜாங்கோ ரெய்ன்ஹார்ட்.

தீ விபத்தில் கை கருகி, இரண்டு விரல்கள் முடங்கிப்போன பிறகும் உலகின் தலைசிறந்த கிட்டார் கலைஞர்களில் ஒருவரானவர். கதையை இதோடு முடித்தால் வழக்கமான தன்னம்பிக்கைக் கதை ஆகிவிடும். ஆனா, அவர் எப்படிக் கத்துக்கிட்டார், யாரெல்லாம் கூட இருந்தாங்க என்று பார்த்தால் விஷயம் இன்னும் சுவாரஸ்யமானது.

வண்டியில் பிறந்த பிள்ளை

1910 ஜனவரி 23. பெல்ஜியத்தின் லிபெர்ஷி கிராமத்தில் குதிரை பூட்டிய கூண்டு வண்டிகளில் வந்து தங்கியிருந்தது ஒரு ரோமா குடும்பம். ஊர் ஊராகச் சென்று ஆடியும் பாடியும் பிழைத்தவர்கள். ரோமா மக்களில் இவர்கள் மனூஷ் பிரிவைச் சேர்ந்தவர்கள். அங்கே பிறந்த குழந்தைக்குப் பதிவேட்டில் ஜான் ரெய்ன்ஹார்ட் என்று பெயர். வீட்டில் கூப்பிட்டதோ ஜாங்கோ.

வளர்ந்தது பாரிஸ் நகரின் எல்லையில், பழைய கோட்டை மதிலுக்கு வெளியே இருந்த முகாம்களில். பள்ளிக்கூடப் படிப்பு கிடையாது. எழுதப் படிக்கத் தெரியாது. நொட்டேஷனும் கடைசி வரை வாசிக்க வரவில்லை. ஆனா, முகாமில் சாயங்காலம் ஆனால் சித்தப்பா, மாமா, பக்கத்து வண்டிக்காரர் என யாராவது வயலினோ பான்ஜோவோ எடுத்துவிடுவார்கள். பையன் பக்கத்தில் உட்கார்ந்து விரல்களைப் பார்ப்பான், காதால் கேட்பான், திரும்ப வாசிப்பான். அவ்வளவுதான் சிலபஸ்.

சுமார் 12 வயதில் பான்ஜோ-கிட்டார் ஒன்று கைக்கு வந்தது. அடுத்த ஒன்றிரண்டு வருடங்களிலேயே பாரிஸ் நடன அரங்குகளில் அக்கார்டியன் கலைஞர்களுக்குப் பக்கவாத்தியம் வாசித்துச் சம்பாதிக்க ஆரம்பித்துவிட்டார். 1928-ல் முதல் இசைத்தட்டு பதிவானது. அதில் ஒரு வேடிக்கை. அவருக்கே தன் பெயரை எழுதிக் காட்டத் தெரியாது என்பதால், கம்பெனிக்காரர்கள் காதில் விழுந்ததை வைத்து லேபிளில் ஜியாங்கோ ரெனார் என்று அச்சடித்துவிட்டார்கள்.

1928: அந்த இரவில் என்ன நடந்தது?

அதே வருடத்தின் பிற்பகுதி. ஜாங்கோவுக்கு 18 வயது, புதிதாகக் கல்யாணம் ஆனவர். இங்கிலாந்தின் பிரபல இசைக்குழுத் தலைவர் ஜாக் ஹில்டன் அவர் வாசிப்பைக் கேட்டுவிட்டுத் தன் குழுவுக்கு அழைத்திருந்தார். வாழ்க்கை மாறப்போகிற நேரம்.

மனைவி பெல்லா, விற்பதற்காகச் செல்லுலாய்டு பூக்கள் செய்து வண்டிக்குள் குவித்து வைத்திருந்தார். செல்லுலாய்டு என்பது பழைய சினிமா ஃபிலிம் செய்யப்பட்ட அதே பொருள். பொறி பட்டாலே பற்றிக்கொள்ளும். ஒரு இரவு, நிகழ்ச்சி முடிந்து ஜாங்கோ திரும்பியபோது மெழுகுவத்தியின் நெருப்பு அந்தப் பூக்களில் பட்டது. சில நொடிகளில் வண்டி முழுக்கத் தீ.

இருவரும் உயிர் தப்பினார்கள். ஆனா, ஜாங்கோவின் வலது காலும் இடது கையும் கடுமையாகக் கருகின. காலை எடுத்துவிட வேண்டும் என்றார்கள் டாக்டர்கள். அவர் சம்மதிக்கவில்லை. கால் பிழைத்தது. கைதான் பிரச்னை. தழும்பு இறுகி மோதிர விரலும் சுண்டு விரலும் உள்பக்கமாக மடங்கிவிட்டன. ஃப்ரெட்டை அழுத்த வேண்டிய கை அதுதான். லண்டன் வாய்ப்பு போனது.

ஒன்றரை வருடம், இரண்டு விரல்

படுத்த படுக்கையாக இருந்த அண்ணனுக்குத் தம்பி ஜோசஃப் ஒரு கிட்டார் கொண்டுவந்து கொடுத்தார். ஜாங்கோ முதலிலிருந்து ஆரம்பித்தார். குணமாகி வெளியே வர ஏறக்குறைய ஒன்றரை வருடம் ஆனது. கிட்டார் கத்துக்கிறவர்கள் கவனிக்க வேண்டிய கட்டம் இதுதான்.

சாதாரணமாக ஒரு கிட்டார் கலைஞர் நான்கு ஃப்ரெட்டுக்கு நான்கு விரல் எனக் கையை ஒரே இடத்தில் நிறுத்தி, தந்தி மாற்றி மாற்றி வாசிப்பார். இரண்டே விரலில் அது நடக்காது. அதனால் ஜாங்கோ கையைக் கழுத்துப் பலகையின் நீளவாக்கில் ஓட வைத்தார். ஆள்காட்டி விரலும் நடு விரலும் மேலும் கீழும் பாயும். ஸ்கேலை வரிசையாக ஏறி இறங்குவதைவிட, ஒரு கார்டின் ஸ்வரங்களைத் தனித்தனியாகப் பிரித்து வாசிக்கும் ஆர்பெஜியோ அந்தக் கைக்கு வசதியாக இருந்தது. சில இடங்களில் ஒரே விரலைத் தந்தியில் சறுக்கிக்கொண்டே போய் அத்தனை ஸ்வரங்களையும் தொட்டுவிடுவார்.

கார்டுகளும் மாறின. பெரிய பார் கார்டுகளுக்குப் பதில் மூன்று, நான்கு ஸ்வரங்கள் மட்டுமே உள்ள சின்ன வடிவங்கள். மைனர் சிக்ஸ்த் போன்றவை. தேவைப்பட்டால் கட்டைவிரலைப் பின்பக்கமிருந்து வளைத்து மேல் தந்தியைப் பிடிப்பார்.

இங்கே ஒரு சின்ன திருத்தமும் தேவை. அவர் இரண்டு விரலில் மட்டுமே வாசித்தார் என்று சொல்வது முழு உண்மை இல்லை. தனி வாசிப்புக்குத்தான் இரண்டு விரல். மடங்கிய அந்த இரண்டையும் கார்டு பிடிக்கும்போது கீழ்த் தந்திகளின் மேல் வைத்துப் பயன்படுத்திக்கொண்டார். இல்லாததை நினைத்து முடங்காமல், மிச்சம் இருப்பது எதுவரை போகும் என்று ஒவ்வொன்றாகச் சோதித்துப் பார்த்திருக்கிறார். இன்று உலகம் முழுக்க முழுக்கை நலமாக இருப்பவர்களும் அந்த வடிவங்களைத்தான் மெனக்கெட்டுப் படிக்கிறார்கள். ஏன்னா, அந்த ஒலி அந்த வழியில்தான் வருது.

ரசிகர்கள் உருவாக்கிய குழு

1931-ல் தெற்கு பிரான்ஸின் தூலோன் நகரில் எமில் சாவித்ரி என்ற ஓவியர், தன்னிடமிருந்த அமெரிக்க ஜாஸ் இசைத்தட்டுகளை ஜாங்கோவுக்குப் போட்டுக் காட்டினார். லூயி ஆம்ஸ்ட்ராங்கின் ட்ரம்பெட்டைக் கேட்டு ஜாங்கோ உருகிப்போனார். அதன் பிறகு அவர் பாதை ஜாஸ்தான்.

அதே சமயம் பாரிஸில் கல்லூரி மாணவர்களும் இளைஞர்களும் சேர்ந்து ஒரு சங்கம் தொடங்கியிருந்தார்கள். பெயர் ஹாட் கிளப் தி பிரான்ஸ். யூக் பனாசியே, சார்ல் தெலோனே, பியர் நூரி போன்றவர்கள் முன்னணியில் இருந்தார்கள். பெரும்பாலும் மேடைக் கலைஞர்கள் கிடையாது. இசைத்தட்டு சேர்ப்பது, கூடி உட்கார்ந்து கேட்பது, எந்த சோலோ உசத்தி என்று மணிக்கணக்கில் சண்டை போடுவது, இதுதான் வேலை. இன்றைய வாட்ஸ்அப் மியூசிக் குரூப் மாதிரியே.

1934-ல் ஷான்ஸெலிஸே சாலையிலுள்ள கிளாரிட்ஜ் ஹோட்டலின் தேநீர் நேர நடனத்துக்கு வாசிக்கும் குழுவில் ஜாங்கோ இருந்தார். வயலின் கலைஞர் ஸ்டெஃபான் கிராப்பெல்லியும் அங்கே இருந்தார். ஒரு நாள் இடைவேளையில், திரைக்குப் பின்னால் கிராப்பெல்லி வயலின் தந்தியை மாற்றிவிட்டுச் சும்மா ஒரு மெட்டை வாசித்துப் பார்த்தார். ஜாங்கோ கூடச் சேர்ந்துகொண்டார். அடுத்தடுத்த நாட்களிலும் அது தொடர்ந்தது. தம்பி ஜோசஃப், ரோஜே ஷாப்யூ இருவரும் ரிதம் கிட்டார், லூயி வோலா பாஸ். டிரம்ஸ் இல்லை, ட்ரம்பெட் இல்லை. முழுக்கத் தந்தி வாத்தியங்கள். ஜாஸ் உலகத்துக்கு அது புதுசு.

இதை மேடைக்குக் கொண்டுபோனது அந்த ரசிகர் சங்கம்தான். 1934 டிசம்பரில் முதல் கச்சேரியும் முதல் இசைத்தட்டும் வந்தன. குழுவின் பெயரே ஹாட் கிளப் குயின்டெட்.

டிரம்ஸ் இல்லாத குறையை ரிதம் கிட்டார் தீர்த்தது. கார்டை அடித்தவுடன் இடது கையின் பிடியைத் தளர்த்தி ஒலியை வெட்டிவிடுவார்கள். இரண்டாவது, நான்காவது அடி மட்டும் நறுக்கென்று கேட்கும். இதற்கு லா போம்ப் என்று பெயர். மைக் அதிகம் இல்லாத காலத்தில் அரங்கின் கடைசி வரிசை வரை கேட்பதற்கு, மாரியோ மக்காஃபெர்ரி வடிவமைத்த செல்மர் கிட்டார் உதவியது.

போர் வந்தபோது

1939 செப்டம்பரில் இரண்டாம் உலகப் போர் தொடங்கியபோது குழு லண்டனில் இருந்தது. கிராப்பெல்லி அங்கேயே தங்கிவிட்டார். ஜாங்கோ பாரிஸ் திரும்பினார். அடுத்த ஜூனில் ஜெர்மன் படை பாரிஸுக்குள் நுழைந்தது.

ஜாங்கோ ஒரு ரோமா என்பதை இங்கே மறந்துவிடக் கூடாது. நாஜிகள் யூதர்களைப் போலவே ரோமா மக்களையும் இன அடிப்படையில் கொன்றார்கள். ஐரோப்பா முழுக்க லட்சக்கணக்கானோர் பலியானார்கள். பிரான்ஸிலும் நாடோடிக் குடும்பங்கள் முகாம்களில் அடைக்கப்பட்டன. அதே காலத்தில் அதே பாரிஸில் ஜாங்கோவின் புகழ் உச்சத்தில் இருந்தது. 1940 டிசம்பரில் பதிவான நுவாஜ், அதாவது மேகங்கள், ஆக்கிரமிப்பில் வாழ்ந்த பிரெஞ்சு மக்களின் மனசுக்கு நெருக்கமான இசையானது. கேட்க வந்த கூட்டத்தில் ஜெர்மன் அதிகாரிகளும் இருந்தார்கள்.

கைதட்டல் எத்தனை நாள் காப்பாற்றும்? 1943-ல் கர்ப்பிணியான இரண்டாவது மனைவி நாகீனுடன் சுவிட்சர்லாந்துக்குத் தப்ப முயன்றார். பிடிபட்டார். விசாரித்த ஜெர்மன் அதிகாரி ஜாஸ் ரசிகராக இருந்ததால் விடுவிக்கப்பட்டார். மறுபடி முயன்றபோது சுவிஸ் எல்லைக் காவலர்களே திருப்பி அனுப்பிவிட்டார்கள். போர் முடியும்வரை அவர் உயிர் பிழைத்ததில் திறமைக்குப் பங்கு உண்டு. அதிர்ஷ்டத்துக்கும் பெரிய பங்கு உண்டு. அந்த அதிர்ஷ்டம் அவர் இனத்தில் பலருக்குக் கிடைக்கவில்லை.

அந்த ரசிகர் சங்கமும் சும்மா இருக்கவில்லை. தெலோனே அதன் தொடர்புகளை எதிர்ப்பு இயக்கத்தின் ரகசிய வேலைகளுக்குப் பயன்படுத்தினார். 1943-ல் அவரும் கைதாகி விசாரிக்கப்பட்டார்.

அமெரிக்காவும் ஒரு மீன்பிடி ஊரும்

1946-ல் டியூக் எல்லிங்டன் அழைப்பில் அமெரிக்கா போனார் ஜாங்கோ. கையில் கிட்டார் இல்லாமலே போய் இறங்கினார். அங்குள்ள கம்பெனிகள் போட்டி போட்டுக்கொண்டு தரும் என்று நினைத்திருந்தார். அப்படி எதுவும் நடக்கவில்லை. நியூயார்க் கார்னகி ஹாலில் முதல் நாள் நல்ல வரவேற்பு. இரண்டாம் நாள், ஊர்க்காரரான குத்துச்சண்டை வீரர் மார்செல் செர்தானைச் சந்தித்துப் பேசிக்கொண்டிருந்ததில், மேடைக்கு ரொம்ப தாமதமாகத்தான் வந்து சேர்ந்தார்.

நேரம் தவறுவது, சொல்லாமல் காணாமல் போவது எல்லாம் அவரிடம் பழைய பழக்கம். அவருக்குக் கையெழுத்துப் போடும் அளவுக்கு எழுத்துச் சொல்லிக்கொடுத்த கிராப்பெல்லிதான் அதனால் அதிகம் கஷ்டப்பட்டார். மேதை என்பதற்காக அதை மறைக்க வேண்டியதில்லை. தம்பி ஜோசஃபும் பல வருடங்கள் அண்ணனுக்குப் பின்னால் உட்கார்ந்து ரிதம் மட்டுமே வாசித்தார். அந்த ரிதம் இல்லாமல் ஜாங்கோவின் சோலோ நிற்காது.

1951-ல் பாரிஸுக்குத் தெற்கே, சேன் நதிக்கரையிலுள்ள சாமுவா என்ற சிற்றூரில் குடியேறினார். மீன் பிடிப்பது, ஓவியம் வரைவது, நடுவே எலக்ட்ரிக் கிட்டாரில் பீபாப் என்ற புது ஜாஸ் பாணியில் வாசிப்பது. 40 வயதுக்கு மேல் மறுபடி புதுசா கத்துக்கிட்டிருந்தார். 1953 மே 16 அன்று ரயில் நிலையத்திலிருந்து வீடு திரும்பும்போது மயங்கி விழுந்தார். மூளையில் ரத்தக்கசிவு. வயது 43.

இன்று என்ன மிச்சம்?

1960-களில் இங்கிலாந்தின் பர்மிங்ஹாமில் ஒரு தொழிற்சாலை விபத்தில் 17 வயது இளைஞர் ஒருவர் இரண்டு விரல்களின் நுனியை இழந்தார். கிட்டார் இனி அவ்வளவுதான் என்று உட்கார்ந்திருந்தவருக்குத் தொழிற்சாலை மேற்பார்வையாளர் ஜாங்கோவின் இசைத்தட்டைக் கொடுத்தார். அந்த இளைஞர் டோனி அயோமி. பிறகு பிளாக் சபாத் இசைக்குழுவில் ஹெவி மெட்டலின் ஒலியை உருவாக்கியவர்.

சாமுவாவை ஒட்டி நடக்கும் ஜாங்கோ விழாவில் மேடைக் கச்சேரி ஒரு பக்கம் என்றால், கூடாரங்களுக்கு நடுவே விடிய விடிய நடக்கும் ஜாம் இன்னொரு பக்கம். தொழில்முறைக் கலைஞர் பக்கத்தில் வார இறுதியில் மட்டும் வாசிப்பவர் உட்காரலாம். மனூஷ் குடும்பங்களில் இன்றும் பிள்ளைகளுக்கு முதல் பாடம் ரிதம்தான், சோலோ பிறகு.

எங்கிருந்து கேட்க ஆரம்பிக்கலாம்?

1934-ன் டைனா, 1937-ன் மைனர் ஸ்விங், 1940-ன் நுவாஜ். இந்த மூன்றையும் இதே வரிசையில் கேளுங்க. முதல் முறை ஜாங்கோவைக் கவனிக்கலாம். இரண்டாவது முறை பின்னால் ஓடும் ரிதத்தை மட்டும் கவனிக்கலாம். கையில் கிட்டார் இருந்தால் மைனர் ஸ்விங் நல்ல ஆரம்பம். பெரும்பகுதி ஏ மைனர், டி மைனர், ஈ செவன் என்ற மூன்று கார்டுகள்தான். கூட ஒரு நண்பர் இருந்தால் ஒருவர் ரிதம், ஒருவர் மெட்டு என மாற்றி மாற்றி வாசிக்கலாம்.