புளூடூத்துக்குப் பெயர் கொடுத்த ராஜா யார்?

திருநின்றவூரில் ரயில் ஏறியாச்சு, மடியில் லினக்ஸ் லேப்டாப். போனிலிருந்து புளூடூத்தில் ஃபைல் அனுப்பினால் போகவே மாட்டேங்குதா? அப்போது நீங்கள் திட்டுவது, ஆயிரம் வருஷத்துக்கு முந்தைய ஒரு ராஜாவின் பெயரை!

அவர் டென்மார்க் மன்னர் ஹரால்ட். பட்டப்பெயர் ‘நீலப்பல்’, அதன் ஆங்கில வடிவம்தான் புளூடூத். பல் ஒன்று கறுத்துப்போயிருந்ததால் அப்படி அழைத்திருக்கலாம் என்கிறார்கள். தந்தை கோர்முக்குப் பிறகு, சுமார் 958-ல் அரியணை ஏறினார். டென்மார்க்கை ஒன்றாக்கினார், நார்வேயிலும் ஆதிக்கம் பெற்றார். இதையெல்லாம் யெல்லிங் என்ற ஊரில் கல்லில் பொறித்துவைத்தார். கடைசியில் மகன் ஸ்வெய்னே எதிர்த்துக் கிளம்பினார். நாட்டையே இணைத்தவர், பெற்ற பிள்ளையோடு உறவு அறுந்து, ஆட்சியை இழந்து, சுமார் 986-ல் இறந்தார்.

1997-ல் இன்டெல் பொறியாளர் ஜிம் கார்டாக், வெவ்வேறு நிறுவனங்களின் கருவிகளை இணைக்கும் திட்டத்துக்குத் தற்காலிகமாக இந்தப் பெயரைச் சொன்னார். அதுவே நிலைத்துவிட்டது. லோகோவில் இருப்பதும் அவர் பெயரின் முதலெழுத்துகள்தான், பழைய ரூன் லிபியில்.

சரி, உங்கள் ஃபைல்? ஒரு பக்கம் மட்டும் உறவை நினைவில் வைத்திருந்தால் போதாது. போன், லேப்டாப் இரண்டிலும் பழைய பேரிங்கை நீக்கிவிட்டு, மறுபடி இணையுங்கள். லேப்டாப்பில் ஃபைல் வாங்கும் வசதி ஆன் ஆகியிருக்கிறதா என்றும் பாருங்கள்.