வைரத்தோட்டை மறுத்த அன்னா மணி

திருவிதாங்கூரின் பீர்மேட்டில் 1918இல் பிறந்தவர் அன்னா மணி. எட்டாவது பிறந்தநாளுக்கு வீட்டார் கொடுத்த வைரத்தோட்டை மறுத்து, பிரித்தானிக்கா கலைக்களஞ்சியத்தைக் கேட்டு வாங்கினார்.

சென்னை மாநிலக் கல்லூரியில் கற்றபின், 1940இல் பெங்களூரில் சேர் சி. வி. இராமனின் ஆய்வுகூடத்தில் சேர்ந்தார். அங்கே அவருக்குக் கிடைத்த ஆய்வுப்பொருள் வைரம். வைரத்திலுள்ள காபன் அணுக்கள் ஓயாமல் அதிர்கின்றன. அதில் பட்டுச் சிதறும் ஒளியில் மிகச் சிறு பங்கு அந்த அதிர்வுக்கேற்ப நிறம் மாறுகிறது. அம்மாற்றத்தை அளந்தால் அணுக்களின் பிணைப்பை அறியலாம். இன்று லேசர் கொண்டு நொடிகளில் அளக்கிறார்கள். அன்று லேசர் இல்லை. சில வைரங்களின் மங்கிய ஒளி ஒளிப்படத் தட்டில் பதிய 15 முதல் 20 மணித்தியாலம் பிடித்தது. இரவிரவாக விழித்திருந்து 30க்கும் மேற்பட்ட வைரங்களை ஆராய்ந்தார்.

1945இல் ஆய்வேட்டைச் சமர்ப்பித்தார். முதுமாணிப் பட்டம் இல்லையென்று சென்னைப் பல்கலைக்கழகம் கலாநிதிப் பட்டத்தை மறுத்தது. அவர் மனந்தளரவில்லை. இலண்டன் சென்று வானிலைக் கருவிகளைப் பற்றிக் கற்று, 1948இல் இந்திய வானிலைத் திணைக்களத்தில் இணைந்தார். ஏறத்தாழ 100 கருவிகளின் வரைபடங்களைத் தரப்படுத்தி, உள்நாட்டிலேயே செய்யவைத்தார். 1976இல் பிரதிப் பணிப்பாளர் நாயகமாக ஓய்வுபெற்று, 2001இல் மறைந்தார்.

1978 சூறாவளியைக் கண்ட எங்கள் வாவிக்கரைக்குக் காற்றை அளப்பதன் பெறுமதியைச் சொல்லத் தேவையில்லை. உயிரியல் படித்து வைத்தியரானவள் நான். பௌதிகவியலை விரும்பியும் தயங்கி நிற்கும் தங்கைமாரே, துணிந்து படியுங்கள். அவருக்கு மறுக்கப்பட்ட பட்டம் உங்களுக்குக் கிடைக்கும்.