வீழ்ந்த வேந்தரை வாழவைத்த பந்துலு

கட்டபொம்மன் என்றதும் நம் கண்முன் வந்து நிற்பவர் யார்? முறுக்கிய மீசையும் கனல் கக்கும் கண்களுமாய்ச் சிவாஜி கணேசன் அன்றோ! அந்த உருவத்தைத் திரையில் நிலைநிறுத்திய இயக்குநரை நம்மில் எத்தனை பேர் நினைக்கிறோம்? அவர்தாம் பி. ஆர். பந்துலு. தமிழருக்கு ஒரு வீரனைத் திரையில் தந்த அவர் தமிழ்நாட்டில் பிறந்தவர் அல்லர் என்பதை அறிந்தால் வியப்பு இன்னும் மிகும்.

கன்னடமும் தெலுங்கும் கலந்து ஒலிக்கும் கோலார் மாவட்டத்தில் 1910ஆம் ஆண்டில் பிறந்தார் பந்துலு. நாடக மேடையே அவருக்குக் கலை பயிற்றிய கல்லூரி. 1936இல் எச். எல். என். சிம்மா இயக்கிய ‘சம்சார நௌகா’ என்னும் கன்னடப் படத்தில் கதாநாயகனாகத் திரைக்கு வந்தார். பின்னர்ச் சென்னையில் பத்மினி பிக்சர்ஸ் என்னும் நிறுவனத்தைக் கண்டு, ‘கல்யாணம் பண்ணியும் பிரம்மச்சாரி’ (1954), ‘முதல் தேதி’ (1955) ஆகிய படங்களை வெளியிட்டார். 1957இல் ‘தங்கமலை ரகசியம்’ படத்தின் வாயிலாக இயக்குநரும் ஆனார். ஒரே கதையைத் தமிழிலும் கன்னடத்திலும் படமாக்குவது அவருக்குக் கைவந்த கலை. ஒரு மொழியில் ஈட்டியதை மறுமொழிக்கும் பங்கிட்டுக் கொடுத்த உள்ளம் அது.

அதே 1957இல் சிவாஜி நாடக மன்றம், சக்தி கிருஷ்ணசாமி எழுதிய கட்டபொம்மன் நாடகத்தை மேடையேற்றியது. அதைப் படமாக்கத் துணிந்தார் பந்துலு. துணிவு என்று சொல்வதற்குக் காரணம் உண்டு. கதையின் தலைவன் வெல்லவில்லை, தூக்கில் தொங்குகிறான். கோட்டை இடிபடுகிறது. இப்படி முடியும் கதைக்கு வண்ணப் படச்சுருளும், குதிரைப் படையும், ஜெய்ப்பூரில் எடுத்த போர்க் காட்சிகளும் என்று பெரும்பொருளைக் கொட்டினார் அவர். 1959 மே மாதம் படம் வெளிவந்தது. மறு ஆண்டு கெய்ரோவில் நடந்த ஆசிய ஆப்பிரிக்கத் திரைப்பட விழாவில் சிவாஜி கணேசன் சிறந்த நடிகராகவும், ஜி. இராமநாதன் சிறந்த இசையமைப்பாளராகவும் பரிசு பெற்றனர். அன்றுதான் அடிமைத் தளையை அறுத்து எழுந்துகொண்டிருந்த நாடுகளின் அரங்கில், அயலான் படையை எதிர்த்த பாஞ்சாலங்குறிச்சியின் குரல் ஒலித்தது எவ்வளவு பொருத்தம்!

படத்தில் உள்ளதெல்லாம் வரலாறா என்று அறிவியல் பயிலும் நாம் கேட்பது முறையே. கட்டபொம்மன் முடிமன்னர் அல்லர், பாளையக்காரர். அவருக்கும் கும்பெனிக்கும் மூண்ட பகை கப்பப் பாக்கியில் தொடங்கியது. 1798 செப்டம்பரில் இராமநாதபுரத்தில் கலெக்டர் ஜாக்சனைக் கண்டதும், அங்கு மூண்ட கைகலப்பில் கிளார்க் என்னும் படைத்தலைவன் மாண்டதும் உண்மை. திரையில் நாம் கேட்கும் முழக்கமோ நாடக ஆசிரியரின் படைப்பு. 1799 செப்டம்பரில் பானர்மன் படை கோட்டையைத் தாக்கியது. புதுக்கோட்டைச் சீமையில் பிடிபட்ட கட்டபொம்மன், அக்டோபர் 16ஆம் நாள் கயத்தாற்றில் தூக்கிலிடப்பட்டார். படம் பேச்சைக் கூட்டியது, முடிவை மாற்றவில்லை. தோல்வியைத் தோல்வியாகவே காட்டி, அதற்குள் இருந்த மானத்தை மக்கள் உணருமாறு செய்தார் பந்துலு.

இந்தப் படத்தின் வரலாற்றுப் பகுதிக்குத் துணை நின்றவர் ம. பொ. சிவஞானம். அவரை நம் எல்லைப் பகுதி மறக்க இயலாது. திருப்பதியும் திருத்தணியும் தமிழருக்கே என்று வடக்கெல்லைப் போராட்டம் நடத்தியவர் அவர். 1960இல் எல்லை திருத்தப்பட்டபோது திருத்தணி சென்னை மாநிலத்தில் சேர்ந்தது. சத்தியவேட்டுப் பகுதி ஆந்திரத்துக்கு வந்தது. சத்தியவேட்டுக்கு அண்மையிலுள்ள வரதய்யபாளையத்தில், வீட்டில் தமிழும் கடைவீதியில் தெலுங்கும் பேசி வளர்ந்த எனக்கு இதில் ஓர் உண்மை புலப்படுகிறது. கட்டபொம்மனின் முன்னோர் தெலுங்கு நாட்டிலிருந்து தெற்கே குடியேறியவர்கள். அவரைத் தமிழரின் வீரனாகப் போற்றியவர் தமிழ் எல்லைக்குப் போராடியவர். அவ்வீரனைத் திரையில் நிறுத்தியவர் கோலாரில் பிறந்தவர். நில அளவைக்காரர் நட்ட எல்லைக் கல் வீரத்துக்கு எல்லையாகுமா? ஆகாது என்பதற்கு இம்மூவருமே சான்று.

பந்துலு அத்துடன் நிற்கவில்லை. 1961இல் ‘கித்தூர் சென்னம்மா’ என்னும் கன்னடப் படத்தை எடுத்தார். தத்துப்பிள்ளையின் அரசுரிமையை மறுத்துக் கும்பெனி படையெடுத்தபோது, 1824இல் அதை எதிர்த்து நின்று, முதற்போரில் வென்று, பின்னர்ச் சிறைப்பட்டு, 1829இல் காவலிலேயே உயிர்துறந்த அரசி அவர். சரோஜாதேவி அவ்வேடத்தை ஏற்றார். அதே ஆண்டில் ம. பொ. சி.யின் நூலைத் தழுவி, வ. உ. சிதம்பரனாரின் வாழ்வைக் ‘கப்பலோட்டிய தமிழன்’ எனப் படமாக்கினார். புகழ் வந்தது, போட்ட பணம் வரவில்லை. ஆயினும் அவர் கை சோரவில்லை. 1964இல் ‘கர்ணன்’ வந்தது. அதுவும் தோல்வியுறுமென அறிந்தே களம் புகுந்தவனின் கதை. 2012இல் அப்படம் புதுப்பொலிவுடன் மீண்டும் திரைக்கு வந்தபோது, அது முதலில் வெளிவந்த காலத்தில் பிறந்திராத இளைஞர்களும் திரண்டு சென்று கண்டனர்.

1970இல் வென்ற வேந்தர் ஒருவரையும் அவர் படைத்தார். ‘ஸ்ரீ கிருஷ்ணதேவராயா’ படத்தில் ராஜ்குமார் மன்னராக நடிக்க, அமைச்சர் திம்மரசுவாகப் பந்துலுவே நடித்து, மைசூர் மாநில அரசின் சிறந்த நடிகர் விருதைப் பெற்றார். அந்த மன்னரை நாம் நன்கறிவோம். திருமலைக் கோயிலில் தேவியர் இருவருடன் கைகூப்பி நிற்பவர் அவரே. கன்னடமும் தெலுங்கும் வழங்கிய நாட்டை ஆண்ட அவர், வில்லிபுத்தூர் ஆண்டாளின் வரலாற்றைத் தெலுங்கில் ‘ஆமுக்தமால்யதா’ என்னும் காவியமாகப் பாடினார். மன்னர் செய்ததும் இயக்குநர் செய்ததும் ஒரே தொண்டு: ஒரு மொழியின் செல்வத்தை மறுமொழிக்குக் கொண்டு சேர்த்தல்.

1974 அக்டோபரில் பந்துலு மறைந்தார். அப்போது அவர் கையில் இருந்த படம் ‘மதுரையை மீட்ட சுந்தரபாண்டியன்’. இழந்த நாட்டை மீட்கப் போரிடும் பாண்டிய இளவரசனின் கதை. எஞ்சிய பகுதியை எம். ஜி. ஆர். இயக்கி முடிக்க, 1978இல் படம் வெளிவந்தது.

தோழர்களே! பிறந்த மொழி வேறு, படிக்கும் மாநிலம் வேறு என்று நாம் சில வேளை உள்ளம் குன்றுகிறோம். இரண்டு மொழிகளுக்கிடையே நிற்பதை அவர் குறையாகக் கொள்ளவில்லை; அதையே தம் கலைக்கு முதலாக்கிக்கொண்டார். நமக்கும் அந்த முதல் இருக்கிறது. அதைக் கொண்டு நாம் எதைப் படைக்கப் போகிறோம்?