சனி கிரகத்தைத் தாயகமாக அறிவித்த இசைமேதை: சன் ராவின் வாழ்க்கை

தாம் பூமியில் பிறந்தவர் அல்லர், சனி கிரகத்திலிருந்து வந்தவர் என்று வாழ்நாளின் பெரும்பகுதியில் உறுதிபடக் கூறிவந்தவர் அமெரிக்க ஜாஸ் இசைக்கலைஞர் சன் ரா. அக்கூற்றை வேடிக்கை என ஒதுக்கியவர்கள் பலர். ஆனால், கறுப்பினத்தவரின் எதிர்காலத்தை விண்வெளி, தொழில்நுட்பம், பண்டைய எகிப்து ஆகியவற்றின் வழியே கற்பனை செய்யும் 'ஆஃப்ரோஃப்யூச்சரிசம்' என்னும் கலைப்போக்கின் முன்னோடியாக இன்று போற்றப்படுபவரும் அவரே.

அவரது இயற்பெயர் ஹெர்மன் பூல் பிளவுண்ட். 1914-ஆம் ஆண்டு மே 22-ஆம் தேதி அலபாமா மாகாணத்தின் பர்மிங்ஹாம் நகரில் பிறந்தார். கறுப்பினத்தவரும் வெள்ளையரும் சேர்ந்து சீட்டாடுவதைக்கூட 1930-இல் சட்டம் இயற்றித் தடைசெய்த நகரம் அது. அங்கு கறுப்பினச் சிறுவன் ஒருவனுக்குத் தடையின்றி நூல்கள் கிடைத்த இடங்கள் மிகச் சில. அவற்றுள் ஒன்றான கறுப்பின மேசானிய சங்க நூலகம் அவரது சிந்தனைக்கு வித்திட்டது. ஊருக்கு வரும் இசைக்குழுக்களின் நிகழ்ச்சிகளைக் கேட்டுவிட்டு, அவற்றை நினைவிலிருந்தே இசைக்குறிப்புகளாக எழுதும் ஆற்றலைப் பதின்ம வயதிலேயே பெற்றிருந்தார்.

சிறைவாசம்

இரண்டாம் உலகப் போரின்போது, 1942-இல் அவருக்குக் கட்டாய ராணுவ சேவைக்கான அழைப்பு வந்தது. கொல்வது தமது மனச்சான்றுக்கு எதிரானது எனக் கூறி அவர் மறுத்தார். இதனால் அலபாமாவின் ஜாஸ்பர் நகரில் சிறை வைக்கப்பட்டார். பின்னர் பென்சில்வேனியாவில் உள்ள முகாமுக்கு அனுப்பப்பட்டு, பகலில் வனப் பணியும் இரவில் பியானோவுமாக நாள்களைக் கழித்தார். உடல்நலக் குறைவு காரணமாக 1943-இல் விடுவிக்கப்பட்டார். அவரது மறுப்பைக் குடும்பத்தினரே அவமானமாகக் கருதினர். உறவினர்களில் சிலர் அவரிடமிருந்து விலகினர்.

போர் முடிந்தபின் சிகாகோவுக்குக் குடிபெயர்ந்த அவர், புகழ்பெற்ற இசைக்குழுத் தலைவர் பிளெட்சர் ஹெண்டர்சனிடம் பணியாற்றினார். தமது குடும்பப் பெயரை அடிமை முறையின் எச்சமாகக் கருதிய அவர், 1952 அக்டோபரில் எகிப்தின் சூரியக் கடவுளான 'ரா'வின் பெயரைச் சட்டப்படி தமதாக்கிக் கொண்டார்.

சனி கிரகம் குறித்த கூற்றின் பொருளும் இங்குதான் புலப்படுகிறது. பிறந்த மண் தம்மைச் சமமான குடிமகனாக ஏற்காத நிலையில், அந்த மண்ணோடு தமக்குத் தொடர்பே இல்லை என்று அவர் அறிவித்தார். பறிக்கப்பட்ட கடந்த காலத்துக்கு எகிப்தையும், மறுக்கப்பட்ட எதிர்காலத்துக்கு விண்வெளியையும் தேர்ந்தெடுத்தார்.

கையால் வரைந்த உறைகள்

அவரது இசைக்குழுவின் பெயர் 'ஆர்கெஸ்ட்ரா'. பெருவெள்ளத்திலிருந்து உயிர்களைக் காத்த நோவாவின் பேழையைக் குறிக்கும் 'ஆர்க்' என்ற சொல் அதில் அடங்கியுள்ளது. பெரிய நிறுவனங்களை நம்பியிராமல், நண்பர் ஆல்டன் ஆபிரகாமுடன் இணைந்து 1950-களில் 'சாட்டர்ன்' என்ற சொந்த இசைத்தட்டு நிறுவனத்தை நிறுவினார். பல தட்டுகளின் உறைகளைக் குழுவினரே கையால் வரைந்து, நிகழ்ச்சிகளில் விற்றனர். மின்னணு இசைக்கருவிகளை ஜாஸ் இசையில் முதன்முதலில் கையாண்டவர்களில் அவரும் ஒருவர்.

1961-இல் நியூயார்க் சென்ற குழு, 1968-இல் பிலடெல்பியாவில் நிலைகொண்டது. கலைஞர்கள் பலரும் ஒரே வீட்டில் வசித்தனர். மதுவுக்கும் போதைப்பொருளுக்கும் அங்கு இடமில்லை. நேரம் காலமின்றிப் பயிற்சி நடந்தது. வருமானமோ சொற்பம். 1971-இல் கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் பெர்க்லி வளாகத்தில் பிரபஞ்சத்தில் கறுப்பின மனிதனின் இடம் குறித்து அவர் பாடம் நடத்தினார். கறுப்பின மக்களை இசையின் துணையால் வேறொரு கிரகத்துக்கு அழைத்துச் செல்வதாக அவர் நடித்த 'ஸ்பேஸ் இஸ் தி பிளேஸ்' திரைப்படம் 1974-இல் வெளியானது.

பிறந்த ஊரில் மறைவு

1990-இல் பக்கவாதத்தால் பாதிக்கப்பட்ட பிறகும் சக்கர நாற்காலியில் அமர்ந்தபடி இசைத்தார். இறுதியில், தமது பிறப்பிடமாக ஏற்க மறுத்த பர்மிங்ஹாமுக்கே திரும்பி, சகோதரியின் பராமரிப்பில் இருந்தார். 1993 மே 30-ஆம் தேதி, 79-ஆவது வயதில் அங்கேயே காலமானார். 'ஆஃப்ரோஃப்யூச்சரிசம்' என்ற சொல்லை விமர்சகர் மார்க் டெரி அறிமுகப்படுத்தியதும் அதே ஆண்டில்தான்.

சன் ரா வகுத்த பாதை ஜாஸ் இசையோடு நின்றுவிடவில்லை. ராக் குழுவான எம்சி5, 1969-இல் அவரது கவிதை வரிகளைத் தனது பாடலில் பயன்படுத்தியது. ஃபங்க் இசையில் ஜார்ஜ் கிளிண்டனின் குழு 1970-களில் மேடையிலேயே விண்கலத்தை இறக்கியது. அதன் பிற்காலப் பிரதி வாஷிங்டனில் உள்ள ஆப்பிரிக்க அமெரிக்க வரலாற்று அருங்காட்சியகத்தில் இடம்பெற்றுள்ளது. ஜெனெல் மோனே 2010-இல் வெளியிட்ட ஆல்பத்தின் நாயகி ஓர் இயந்திரப் பெண். லேடி காகாவின் 2013-ஆம் ஆண்டுப் பாடலான 'வீனஸ்' சன் ராவையும் படைப்பாளர்களில் ஒருவராகக் குறிப்பிடுகிறது.

அவர் உருவாக்கிய குழுவும் கலையவில்லை. 1950-களின் இறுதியில் அதில் இணைந்த சாக்ஸபோன் கலைஞர் மார்ஷல் ஆலன், பின்னர் அதன் தலைமைப் பொறுப்பை ஏற்று, 2024 மே மாதம் நூறு வயதை எட்டினார்.