மேரி அனிங்: பெயர் எழுதப்படாத கற்கள்

இங்கிலாந்தின் தென்கரையில், டோர்செற் பிரதேசத்தில், லைம் ரீஜிஸ் என்ற சிறிய கடலோர ஊர் இருக்கிறது. அதற்கு அடுத்த ஊர் சார்மத். இரண்டுக்கும் நடுவில் கறுத்த களிமண் பாறைச் சரிவொன்று கடலைப் பார்த்தபடி நிற்கிறது. குளிர்காலப் புயல்களின்போது இந்தச் சரிவு இடிந்து கரையில் விழும். அலை களிமண்ணைக் கரைத்துக்கொண்டு போகும். பாரமானவை மட்டும் கற்களுக்கு இடையில் தங்கும். வற்று நேரத்தில் குனிந்து தேடினால், துருப்பிடித்த ஆணிகளோடும் இரும்புத் துண்டுகளோடும் ஒரு சிறு பொன்னிறச் சுருள் அகப்படலாம். சில்லறைக் காசளவுதான் இருக்கும். ஆட்டுக்கடாவின் கொம்புபோல உள்நோக்கிச் சுருண்டிருக்கும்.

அது பொன் அல்ல, பைரைற். இரும்பும் கந்தகமும் சேர்ந்த கனிமம். அந்தச் சுருள் அமோனைற் என்ற கடலுயிரின் ஓடு. கணவாய்க்கும் சாக்குக்கணவாய்க்கும் தூரத்து உறவான அந்த உயிரினம் சுருண்ட ஓட்டுக்குள் வாழ்ந்தது. 19 கோடி வருடங்களுக்கு முன்னர் அது இறந்து, ஒட்சிசன் இல்லாத கடலடிச் சேற்றில் புதைந்தது. சேற்றில் இருந்த பக்றீரியாக்கள் வெளியிட்ட கந்தக வாயு இரும்போடு சேர்ந்து, வெறுமையாகக் கிடந்த ஓட்டின் அறைகளைப் பைரைற்றாக நிரப்பியது. எங்களில் பலர் இதன் இன்னொரு வடிவத்தைப் பூசையறையில் கண்டிருப்போம். நேபாளத்தின் கண்டகி ஆற்றிலிருந்து வரும் சாளக்கிராமத்துக்குள் இருக்கும் சக்கரமும் ஒரு அமோனைற்றின் சுவடுதான்.

இருநூறு வருடங்களுக்கு முன்னர் லைம் ரீஜிஸ் மக்களுக்கு அது வெறும் பாம்புக்கல். தலை வெட்டுண்ட பாம்பு சுருண்டு கல்லாகிவிட்டது என்று நினைத்தார்கள். அந்தப் பாம்புக்கல்லை விற்றுச் சீவித்த ஒரு குடும்பத்தில்தான் மேரி அனிங் பிறந்தார்.

1799 மே 21 அவருடைய பிறந்த நாள். தகப்பன் ரிச்சர்ட் தளபாடம் செய்யும் தச்சர். தாய்க்கும் மேரி என்றுதான் பெயர், ஊரார் மொலி என்று அழைத்தார்கள். அந்த வீட்டில் பிறந்த பிள்ளைகளில் பெரியவர்களாகும்வரை தப்பியவர்கள் இருவர் மட்டுமே: அண்ணன் ஜோசப்பும் மேரியும். மேரிக்கு முன்னர் பிறந்த, அதே பெயருடைய அக்கா நான்கு வயதில் உடுப்பில் தீப்பற்றி இறந்துபோனாள். சில மாதங்களின் பின்னர் பிறந்த பிள்ளைக்கு அந்தப் பெயரையே வைத்தார்கள். பிறந்து 15 மாதங்களில் இந்தப் பிள்ளைக்கும் சாவு கிட்ட வந்தது. ஒரு திடல் நிகழ்ச்சியில் மழை பிடித்ததும், பிள்ளையைத் தூக்கி வைத்திருந்த அயல்வீட்டுப் பெண் இன்னும் இருவரோடு மரத்தின் கீழ் ஒதுங்கினார். மின்னல் தாக்கி மூன்று பெண்களும் மாண்டார்கள். குழந்தை மட்டும் தப்பியது.

அது போர்க்காலம். பிரித்தானியா பிரான்ஸோடு வருடக்கணக்காகப் போர் செய்துகொண்டிருந்தது. கோதுமை விலை ஏற, ஏழை வீடுகளில் பாண் அரிதானது. உணவுத் தட்டுப்பாட்டுக்கு எதிராக ஊரில் நடந்த போராட்டத்தை ஒழுங்கு செய்தவர்களில் ரிச்சர்டும் ஒருவர். அதே போரினால் இன்னொன்றும் நடந்தது. ஐரோப்பாவுக்கு உல்லாசப் பயணம் போக முடியாத வசதியான ஆங்கிலேயர்கள் உள்நாட்டுக் கடற்கரைகளுக்கு வரத் தொடங்கினார்கள். அவர்களுக்கு ஞாபகப் பொருட்கள் தேவைப்பட்டன. ரிச்சர்ட் பிள்ளைகள் இருவரையும் கூட்டிக்கொண்டு பாறைச் சரிவுகளின் அடியில் பாம்புக்கல் தேடினார். குதிரை வண்டிகள் நிற்கும் இடத்துக்குப் பக்கத்தில் ஒரு மேசையில் அவற்றைப் பரப்பி விற்றார்கள்.

1810இல் ரிச்சர்ட் இறந்தார். காசநோய் ஏற்கெனவே இருந்தது. சரிவில் விழுந்த காயமும் சேர்ந்துகொண்டது. வயது 44. விட்டுச் சென்றது 120 பவுண் கடன். மேரிக்கு அப்போது 11 வயது. குடும்பம் தேவாலயப் பங்கின் ஏழை நிவாரணத்தை எடுத்துச் சீவித்தது. பெண் தலைமைத்துவக் குடும்பம் என்று நாங்கள் இன்று செய்திகளில் எழுதுகிறோம். அந்தச் சொல்லே இல்லாத காலத்தில் மொலி அப்படியொரு குடும்பத்தை நடத்தினார். மேரியின் வரலாற்றைச் சொல்லும் பலர் இந்தத் தாயைச் சுருக்கமாகக் கடந்துவிடுவது எனக்கு உறுத்தலாகவே இருக்கிறது. வியாபாரத்தை முதலில் கட்டிக் காத்தவர் அவர்தான். விற்ற உயிர்ச்சுவடு ஒன்றுக்குரிய பணத்தைக் கேட்டு, 1821இல் பிரித்தானிய நூதனசாலைக்குக் கடிதம் எழுதியவரும் அவர்தான்.

தகப்பன் இறந்த பின்னர் மேரி தனியாகக் கரைக்குப் போய் எடுத்து வந்த ஒரு அமோனைற்றை, வழியில் கண்ட சீமாட்டி ஒருவர் அரைக் கிரவுண் கொடுத்து வாங்கினாராம். அந்தக் காசுதான் இந்தத் தொழிலைத் தொடரும் துணிவைக் கொடுத்தது என்று ஊரில் வழங்கிவரும் கதை சொல்கிறது.

கேட்க இலகுவான தொழில்போலத் தெரியும். சரிவு இடியும் காலமே பொருள் கிடைக்கும் காலம். ஆகவே கடுங்குளிரில், மழையில், தலைக்கு மேலே எந்த நேரமும் சரியக்கூடிய ஈரக் களிமண்ணின் கீழே நின்று தேடவேண்டும். கடல் ஏறமுன் திரும்பிவிடவேண்டும். பிந்தினால் பாறைக்கும் அலைக்கும் நடுவில் அகப்பட வேண்டியதுதான். கையில் சுத்தியலும் கூடையும் இருக்கும். பாவாடை சேற்றில் தோய்ந்திருக்கும். எடுத்த பைரைற் அமோனைற்றைக் கழுவி, ஒட்டிய களிமண்ணை ஊசியால் சுரண்டி, நன்றாகக் காயவைக்க வேண்டும். ஈரம் பட்டால் பைரைற் மெல்ல மெல்லக் காற்றோடு தாக்கமுற்று அமிலத்தை உண்டாக்கும். மேற்பரப்பில் வெண்பொடி பூக்கும். பிறகு வெடித்து உதிரும். 19 கோடி வருடம் சேற்றுக்குள் அழியாமல் கிடந்தது, ஈரலிப்பான ஒரு லாச்சிக்குள் சில வருடங்களில் தூளாகிவிடும்.

1811இல் ஜோசப் நான்கு அடி நீளமான மண்டையோடு ஒன்றைக் கண்டுபிடித்தார். அடுத்த வருடம் மேரி அதன் மிகுதி உடலைத் தேடி எடுத்தார். அப்போது அவருக்கு 13 வயதுகூட நிறைந்திருந்ததோ என்னவோ. முதலை என்றுதான் முதலில் எல்லோரும் எண்ணினார்கள். பின்னர் அதற்கு இக்தியோசோர், அதாவது மீன்பல்லி, என்று பெயர் வந்தது. உள்ளூர்ப் பண்ணையார் அதை 23 பவுணுக்கு வாங்கினார். 1819இல் பிரித்தானிய நூதனசாலை 45 பவுண் கொடுத்து அதை ஏலத்தில் எடுத்தது. மண்டையோடு இன்றும் லண்டன் இயற்கை வரலாற்று நூதனசாலையில் இருக்கிறது.

இப்படியான பெரிய கண்டெடுப்புகள் எப்போதாவதுதான் வரும். அதற்கு இடையில் உலை வைத்தது சிறிய அமோனைற்றுகள்தான். ஒரு வருடம் முழுவதும் நல்ல பொருள் எதுவும் கிடைக்காமல், வாடகைக்காக வீட்டுத் தளபாடத்தை விற்கும் நிலைக்கும் குடும்பம் வந்தது. அதைக் கண்டு மனமிரங்கிய தோமஸ் பேர்ச் என்ற முன்னாள் படை அதிகாரி, தான் அவர்களிடம் வாங்கிச் சேர்த்தவற்றை 1820இல் லண்டனில் ஏலம் விட்டு அவர்களுக்கு உதவினார். ஏலம் ஈட்டியது 400 பவுண்.

1823 டிசம்பரில் மேரி முழுமையான பிளீசியோசோர் எலும்புக்கூடு ஒன்றை எடுத்தார். சிறிய தலை, நம்பமுடியாத நீளமான கழுத்து. பாரிஸில் இருந்த குவியே, அன்று உலகத்தில் இந்தத் துறையின் மிகப் பெரிய பெயர், வரைபடத்தைப் பார்த்துவிட்டு இது ஒட்டுவேலையாக இருக்கலாம் என்று சந்தேகித்தார். அந்தச் சந்தேகம் நிரூபணமாகியிருந்தால் அனிங் குடும்பத்திடம் ஒருவரும் கல் வாங்கியிருக்கமாட்டார்கள். கள்ளச் சரக்கு விற்றவள் என்ற பெயர் ஒரு ஏழைப் பெண்ணுக்கு வாழ்நாள் தண்டனை. 1824 தொடக்கத்தில் லண்டன் புவிச்சரிதவியல் சங்கம் கூடி ஆராய்ந்தது. எலும்புக்கூடு உண்மையானது என்று முடிவானது. குவியே தன் தவறை ஒப்புக்கொண்டார். வில்லியம் கொனிபியர் அந்தக் கூட்டத்தில் எலும்புக்கூட்டை விவரித்து உரையாற்றினார். தோண்டியெடுத்தவரின் பெயரை அவர் சொல்லவில்லை. மேரி அந்த மண்டபத்தில் இருக்கவும் இல்லை. அந்தச் சங்கம் முதன்முதலாகப் பெண்களை உறுப்பினராக ஏற்றது 1919இல்.

நூதனசாலைகளின் பதிவேடுகளிலும் அதே கதை. கொடுத்தவர், விற்ற பிரபு, விவரித்த பேராசிரியர் எல்லோருக்கும் பெயர் உண்டு. கண்டெடுத்தவருக்குப் பெரும்பாலும் இல்லை.

அவர் வெறுமனே தோண்டுபவரும் அல்லர். ஞாயிறு பாடசாலையில் எழுத்து வாசிப்புக் கற்றவர், அறிஞர்களின் கட்டுரைகளை இரவல் வாங்கி, படங்கள் உட்பட முழுவதையும் கையால் பிரதியெடுத்துப் படித்தார். எலும்புகளைப் புரிந்துகொள்ள மீன்களையும் கணவாய்களையும் வெட்டிப் பார்த்தார். பெலெம்னைற் என்ற, ஈட்டிமுனை போன்ற உயிர்ச்சுவட்டுக்குள் காய்ந்த மைப்பை இருப்பதைக் கண்டவர் அவர். அவருடைய தோழி எலிசபெத் பில்பொற் அந்த மையைத் தண்ணீரில் கரைத்து, அதைக் கொண்டே உயிர்ச்சுவடுகளின் படங்களை வரைந்தார். 1828இல் மேரி எடுத்த பறக்கும் ஊர்வன, ஜேர்மனிக்கு வெளியே அந்த இனத்தில் கிடைத்த முதலாவது எலும்புக்கூடு. அதற்கிடையில், 1826இல், 27 வயதில், சொந்தமாக ஒரு வீடு வாங்கிக் கண்ணாடி ஜன்னல் வைத்த கடையும் போட்டுவிட்டார்.

1833இல் சரிவொன்று இடிந்தது. எப்போதும் கூடவே போகும் அவருடைய நாய் ட்ரே அதில் அகப்பட்டுச் செத்தது. மேரி நின்ற இடம் அதிலிருந்து சில அடிகள்தான். அவர் தொழிலை நிறுத்தவில்லை.

சேர்த்த பணத்தை 1835 அளவில் பிழையான முதலீடொன்றில் இழந்தார். ஒக்ஸ்போர்ட்டின் வில்லியம் பக்லண்ட் முயன்று அவருக்கு வருடத்துக்கு 25 பவுண் உதவிப்பணம் பெற்றுக்கொடுத்தார். 1844இல் சாக்சனி அரசர் கடைக்கு வந்து, 15 பவுணுக்கு ஒரு சிறிய இக்தியோசோரை வாங்கினார். அரசரின் வைத்தியர் தன் குறிப்புப் புத்தகத்தில் பெயரை எழுதித் தரும்படி கேட்டபோது, மேரி தயக்கமில்லாமல் எழுதிக் கொடுத்துவிட்டு, ஐரோப்பா முழுவதிலும் தன்னை அறிவார்கள் என்றும் சொன்னார். எனக்கு இந்த வரலாற்றில் மிகவும் பிடித்த இடம் இதுதான். அடக்கத்தை அவரிடம் எதிர்பார்க்கும் உரிமை யாருக்கும் இருக்கவில்லை.

கடைசி வருடங்களில் மார்பகப் புற்றுநோய் வந்தது. வலிக்கு எடுத்த அபின் மருந்தினால் தடுமாறி நடந்தபோது, குடித்திருக்கிறார் என்று ஊரில் கதைத்தார்கள். 1847 மார்ச் 9ஆம் திகதி, 47 வயதில், காலமானார். அடுத்த வருடம் புவிச்சரிதவியல் சங்கத்தின் தலைவராக இருந்த டி லா பெஷ், சிறுவயதில் அவரோடு அதே கரையில் கல் பொறுக்கியவர், சங்கத்தில் அவருக்கு அஞ்சலி உரை நிகழ்த்தினார். 1850இல் சங்கத்தவர்களின் பங்களிப்போடு லைம் ரீஜிஸ் தேவாலயத்தில் அவர் நினைவாக வண்ணக் கண்ணாடி ஜன்னல் பொருத்தப்பட்டது. ஒரு பாடசாலை மாணவி தொடங்கிய முயற்சியால் 2022இல் ஊரில் வெண்கலச் சிலையும் எழுந்தது. நாயும் கூட நடக்கிறது. அவர் பிறந்த வீடு இருந்த நிலத்தில் இப்போது ஊர் நூதனசாலை நிற்கிறது.

பெரிய எலும்புக்கூடுகள் பலவற்றில் இன்று அவருடைய பெயர் தேடிச் சேர்க்கப்பட்டிருக்கிறது. மேசையில் பரப்பி, சில்லறைக்கு விற்ற பைரைற் அமோனைற்றுகளுக்கு அப்படிச் செய்ய வழியில்லை. அவற்றுக்குச் சீட்டு எழுதியவர் இல்லை. உல்லாசப் பயணிகளின் பைகளில் ஊர் ஊராகப் போய், ஈரம் படாத லாச்சியில் வைக்கப்பட்டவை இன்னும் மினுங்கிக்கொண்டிருக்கலாம். மற்றவை எப்போதோ வெண்பொடியாகியிருக்கும். சார்மத் கரையில் குளிர்காலப் புயல் ஓய்ந்த மறுநாள் இப்போதும் ஆட்கள் வற்றுக்குக் காத்து நிற்கிறார்கள். சரிவில் சுத்தியல் வைக்கவேண்டாம், கரையில் கிடப்பதை மட்டும் பொறுக்குங்கள் என்று அவர்களுக்குச் சொல்லப்படுகிறது.