வள்ளல் பச்சையப்பர்

உயிர்கட்கு வாய்க்கும் உடம்பும், அவ்வுடம்பொடு கூடிய இன்பதுன்பங்களும் அவ்வவ்வுயிரின் முன்வினைக்கு ஏற்ப இறைவன் கூட்டும் நுகர்ச்சியே என்பது நம் சித்தாந்தத்தின் துணிபு. அங்ஙனமாயினும், வந்த செல்வத்தை எவ்வாறு செலவிடுதல் வேண்டும் என்னுமிடத்து உயிரின் அறிவும் விழைவும் தொழிலும் திருவருளின்வழி நின்று பயன்படுதற்கு இடமுண்டு. வறுமையிற் பிறந்து, செல்வத்தின் உச்சியை எய்தி, அச்செல்வத்தைத் தமதென்று கொள்ளாது சிவாலய வழிபாட்டிற்கும் பசித்தோர் உணவிற்கும் எழுதிவைத்துச் சென்ற ஒருவரின் வரலாறு இவ்வுண்மையை விளக்கப் போதியதாகும். அவரே காஞ்சிபுரம் பச்சையப்ப முதலியார். கல்லூரியின் பெயராக அவர் பெயரைக் கேளாத தமிழர் இலர்; அவர்தம் வாழ்க்கையை அறிந்தாரோ மிகச் சிலரே. ஆதலின் அதனை ஈண்டுச் சுருக்கி உரைக்கப் புகுந்தாம்.

தொண்டை நாட்டிற் காஞ்சிமாநகரைச் சார்ந்த வேளாண் குடியினராகிய விசுவநாத முதலியார் என்பார்க்கும் பூச்சியம்மாள் என்பார்க்கும் 1754ஆம் ஆண்டிற் பச்சையப்பர் பிறந்தார். அவர் பிறந்தபோது தந்தையார் உலகில் இலர். பெண்மக்கள் இருவரையும் உடன்கொண்டு, வயிற்றில் ஒரு மகவையும் தாங்கிக் கைம்மை எய்திய அவ்வம்மையார், பற்றுக்கோடு வேறின்றிப் பெரியபாளையத்திற்குச் சென்று, தம் கணவர்க்கு நண்பராயிருந்த ரெட்டிராயர் என்னும் பெருந்தகையாரை அடைந்தனர். அவர் அக்குடும்பத்தைத் தம் குடும்பமாகவே கொண்டு புரந்தனர். அவ்வூரிலேதான் நம் வள்ளலார் பிறந்தார். பிறப்பதற்கு முன்னரே பிறரது அறத்தால் உணவு பெற்ற குழந்தை அது என்பதை அன்பர்கள் நினைவிற் கொள்ளல் வேண்டும். பின்னர் அவர் செய்த அறங்கட்கெல்லாம் வித்து இங்கே இடப்பட்டது போலும்.

அப்பாதுகாப்பும் நெடுநாள் நிலைக்கவில்லை. பச்சையப்பர் சிறு குழந்தையாயிருக்கும்போதே ரெட்டிராயர் காலமாயினர். மீண்டும் கதியற்ற அம்மையார் மக்களை அழைத்துக்கொண்டு சென்னைப் பட்டினம் புகுந்து, அங்குத் துபாஷித் தொழிலிற் சிறந்து விளங்கிய பௌனி நாராயண பிள்ளையை அடுத்தனர். அவரும் இரங்கி இடமளித்தனர். அவர்தம் ஆதரவிலேயே சிறுவர் எழுத்தும் கணக்கும் பயின்றார். ஆங்கில மொழியையும் கற்றார். அந்நாளில் ஆங்கிலம் கற்பிக்கும் பள்ளிகள் நம்மவர்க்கு எளிதிற் கிட்டுவனவல்ல. செல்வர் வீட்டுப் பிள்ளைகட்கே அரிதாயிருந்த அக்கல்வி, தந்தையற்ற ஏழைச் சிறுவர் ஒருவர்க்கு வாய்த்தது ஒருவரின் இரக்கத்தாலேயாம்.

துபாஷி என்பார் இருமொழி வல்லவர். ஐரோப்பிய வணிகர்க்கும் அதிகாரிகட்கும் நாட்டவர்க்கும் இடைநின்று, பேச்சை மொழிபெயர்த்தும், சரக்கை வாங்கியும் விற்றும், கடன் கொடுத்தும் வாங்கியும் காரியங்களை முடிப்பவர். அத்தொழிலில் நாணயம் ஒன்றே முதல். அதனைத் துணையாகக் கொண்டு பச்சையப்பர் இளமையிலேயே பெரும்பொருள் ஈட்டினார். ஆர்க்காட்டு நவாபின் அரசு கடனில் மூழ்கிக் கிடந்த காலம் அது. 1780ஆம் ஆண்டில் ஐதர் அலியின் படை கருநாடகத்திற் புகுந்து ஊர்களைப் பாழாக்கியது, வயல்கள் தரிசாயின, சென்னையைச் சுற்றிலும் பஞ்சம் பரவியது. இத்தகைய காலத்தே வரிவசூல், கடன் கொடுக்கல் முதலிய காரியங்களிற் கைதேர்ந்தவராய் அவர் உயர்ந்தார். பிற்காலத்திற் சோழநாடு சென்று, கும்பினியார்க்குக் கட்டவேண்டிய கப்பத்தின்பொருட்டுத் தஞ்சை மராட்டிய அரசர்க்குப் பொருள் உதவும் நிலையையும் எய்தினார்.

ஈண்டு ஓர் ஐயம் எழுதல் கூடும். வட்டியானும் வரிவசூலானும் வந்த பொருள் அறத்திற்கு உரியதாகுமோ என்பது அது. துபாஷிகள் பலர் அக்காலத்தே குடிகளை வருத்திப் பொருள் சேர்த்தனர் என்பதை மறுத்தற்கில்லை. அத்தொழிலின் இயல்பை மறைத்துப் பச்சையப்பரைப் புகழ்தல் வரலாற்றுக்கும் சைவத்திற்கும் ஒவ்வாது. ஆயினும் அவரை ஒத்த செல்வர் பலருடைய பொருள் மாளிகையாயும் அணிகலனாயும் வழக்காயும் அழிந்தொழிய, அவர் பொருள் ஒன்றே இறைவன் திருமுன் சென்று சேர்ந்தது. வந்த வழியை மாற்றுதல் ஒருவர்க்கு இயலாதாயினும், செல்லும் வழியைத் தெரிதல் அவர் கடமை. அக்கடமையில் அவர் தவறினாரல்லர்.

செல்வம் பெருகியபோது அவர் சமயவொழுக்கமும் குறையவில்லை. சென்னையிற் கோமளீசுவரன்பேட்டையில் வாழ்ந்த காலத்தே கூவம் ஆற்றில் நீராடிக் கோமளீசுவரர் திருக்கோயிலில் வழிபட்டமை இன்றும் அப்பகுதியாரால் வழிவழியாகச் சொல்லப்பட்டு வருகின்றது. அந்நாளிற் கூவம் நீராடற்குரிய தூய ஆறாயிருந்தது என்பதை இக்காலத்தார் நம்புதல் அரிது. காஞ்சியில் ஏகாம்பரநாதர் திருக்கோயிலிலும், தில்லையிற் கூத்தப்பெருமான் திருக்கோயிலிலும் அவர் பணிகள் நிகழ்ந்தன. தில்லைக் கீழைக் கோபுரத்தின் திருப்பணி அவர் பெயரோடு இணைந்து நிற்பது. அக்கோபுரத்தில் அவர் உருவச்சிலையை இன்றும் காணலாம். கோபுரவாயிலிற் கைகூப்பி நிற்கும் அவ்வுருவத்தைக் கண்டும், இன்னார் என்றறியாது கடந்து செல்வார் பலர்.

பச்சையப்பர்க்குத் தமக்குப்பின் குடிதாங்க ஆண்மகவு இல்லை. நாற்பதை எட்டும் பருவத்திலேயே நோய் அவரைப் பற்றியது. தம் வாழ்நாள் முடிவெய்துதலை உணர்ந்து, 1794ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்கள் 22ஆம் நாள் தம் இறுதிமுறியை எழுதுவித்தார். காசி முதலாகத் தென்னாட்டுத் தலங்கள் ஈறாகப் பல திருக்கோயில்களில் வழிபாடும் அன்னதானமும் பிற அறங்களும் நடத்தற்பொருட்டு அதன்வழி ஒதுக்கப்பட்ட நிதி ஒரு லட்சம் வராகன் அளவினது. பின்னர்க் காவிரிக்கரையில் ஐயாறப்பர் எழுந்தருளிய திருவையாற்றை அடைந்து, அதே திங்கள் 31ஆம் நாள் அங்கேயே சிவபதம் எய்தினார். தொண்டை நாட்டிற் பிறந்தவர் சோழநாட்டுத் திருத்தலம் ஒன்றில் உடம்பை நீத்தது தற்செயலன்று. அவர் நெஞ்சம் நாடிய இடம் அதுவே என்க.

இனித்தான் இவ்வரலாற்றின் கடினமான பகுதி தொடங்குகின்றது. அறம் செய்ய எழுதுதல் எளிது. எழுதிய அறம் நடத்தல் அரிது. வள்ளலார் மறைந்த பின்னர் அவர் பொருளைக் குறித்து உரியவர் என்போரிடையே பிணக்குகள் மூண்டன. வழக்குகள் ஒன்றன்பின் ஒன்றாக நீதிமன்றம் ஏறின. அறநிலையின் பொருள் ஆண்டுக்கணக்கில் வழக்கிற் சிக்கிக் கிடந்தது. எழுதிவைத்தவரின் எண்ணம் ஏட்டளவில் நிற்க, விளக்கெரிய வேண்டிய சந்நிதிகளில் விளக்கெரியாமலும், உண்ண வேண்டிய ஏழைகள் உண்ணாமலும் ஒரு தலைமுறை கழிந்தது.

இந்நிலையில் அவ்வறத்தை மீட்டவர் சைவரும் அல்லர், தமிழரும் அல்லர். சென்னை அரசாங்கத் தலைமை வழக்கறிஞராயிருந்த ஜார்ஜ் நார்ட்டன் என்னும் ஆங்கிலேயர் இக்காரியத்தைத் தம் கடமையாக மேற்கொண்டு, சென்னை உச்ச நீதிமன்றத்தில் வாதாடினார். அந்நீதிமன்றம் 1832ஆம் ஆண்டில் அறநிதியை உறுதிசெய்தது. கோயில் வழிபாட்டிற்கும் அன்னதானத்திற்கும் வள்ளலார் வகுத்த தொகை அவ்வாறே ஒதுக்கப்பட்டது. அதற்குமேல், இடைப்பட்ட ஆண்டுகளில் வட்டியாற் பெருகியிருந்த மிகுதிப்பொருளை நம் நாட்டுப் பிள்ளைகளின் கல்விக்குப் பயன்படுத்தல் வேண்டும் என்று முடிவாயிற்று. அறங்களை நடத்தும் பொறுப்பு இந்துப் பெருமக்கள் அடங்கிய தருமகர்த்தர் குழு ஒன்றனிடம் ஒப்புவிக்கப்பட்டது.

அதன் பயனாக 1842ஆம் ஆண்டு சனவரித் திங்கள் முதல் நாள், சென்னைப் பாப்பாம்ஸ் பிராட்வேயிற் பச்சையப்பர் பெயராற் பள்ளி ஒன்று திறக்கப்பட்டது. பாதிரிமார் பள்ளிகளே ஓங்கியிருந்த அக்காலத்தே, மதமாற்ற அச்சமின்றி நம் பிள்ளைகள் ஆங்கிலமும் பிற கலைகளும் கற்றற்கு ஓர் இடம் இதனால் வாய்த்தது. 1846ஆம் ஆண்டில் எஸ்பிளனேடுப் பகுதியிற் புதிய மண்டபத்திற்கு அடிக்கல் நாட்டப்பட்டது. கிரேக்க நாட்டு ஏதென்சு நகரத்துக் கோயிலொன்றின் மாதிரியாக எழுந்த அம்மண்டபம் 1850இல் திறக்கப்பட்டது. காஞ்சியிலும் சிதம்பரத்திலும் பள்ளிகள் தோன்றின. 1889இல் சென்னைப் பள்ளி முதனிலைக் கல்லூரியாயிற்று. 1940இல் சேத்துப்பட்டில் இப்போதுள்ள இடத்திற்குக் குடிபெயர்ந்தது. வறுமையோடு போராடிய கணிதமேதை இராமானுசன் 1906இல் அங்கே பயின்றார், காஞ்சியில் எளிய குடும்பத்திற் பிறந்த அண்ணாதுரை அங்குக் கற்றுப் பின்னர் இந்நாட்டின் முதலமைச்சரானார், டாக்டர் மு. வரதராசனார் அங்கே தமிழ் கற்பித்தார்.

வள்ளலார் எழுதியது கோயிலறமும் அன்னதானமுமே யன்றிக் கல்வியன்று. ஆதலின் மிகுதிப்பொருளை ஆங்கிலக் கல்விக்குத் திருப்பியது அவர் கருத்துக்கு மாறன்றோ எனச் சிலர் வினவுவர். வினா நியாயமானதே. ஆயினும் அவர் எழுதிய அறங்கட்குரிய தொகை குறைக்கப்படவில்லை என்பது முதலாவது விடை. மிகுதியே கல்விக்குச் சென்றது. இரண்டாவதாக, அவர் வாழ்க்கையையே நோக்குமின். தந்தையற்ற ஏழைச் சிறுவரை வறுமையினின்றும் எடுத்தது பிறர் இட்ட சோறு மட்டுமன்று. நாராயண பிள்ளையின் மனையிற் பெற்ற எழுத்தறிவுமாம். அவர்க்குச் சோறும் எழுத்தும் ஒருங்கே வழங்கப்பட்டன. அவர் பொருளும் அவ்விரண்டையும் வழங்கியது. இஃது அவர் எண்ணியதன்றாயினும் அவர் வாழ்வினின்றும் விலகியதன்று.

மற்றொன்றும் கூறுதல் வேண்டும். அக்கல்லூரி நெடுங்காலம் இந்து மாணவரை மட்டுமே ஏற்றது. 1947ஆம் ஆண்டிலேதான் அதன் வாயில் எல்லார்க்கும் திறந்தது. பசித்த வயிறும் கற்க விழையும் நெஞ்சும் குலமும் சமயமும் வினவுவதில்லை. ஆதலின் அவ்வாயில் திறந்தமை வள்ளலாரின் அறத்திற்குக் குறைவன்று, நிறைவே யாம்.

நம் நூல்கள் அறத்தைப் பசுபுண்ணியம் என்றும் சிவபுண்ணியம் என்றும் இருவகைப்படுத்தும். யான் செய்தேன், எனது பொருள் என்னும் முனைப்போடு செய்யப்படுவது பசுபுண்ணியம். அது பயனை நல்கித் தேய்ந்தொழியும். இறைவன் பொருளை இறைவன் பணிக்கு ஆக்குவதெனக் கருதிச் செய்யப்படுவது சிவபுண்ணியம்; அது தேயாது, ஞானத்திற்கு ஏதுவாகி உயிரைத் திருவடியிற் கொண்டுய்க்கும். பச்சையப்பர் அறத்தின் நாற்பதாண்டு வரலாறு இவ்வேறுபாட்டைக் கண்முன் காட்டுகின்றது. எனது என்றோர் கையில் அப்பொருள் நின்றவரையில் யார்க்கும் பயன்படாது வழக்கிற் கிடந்தது. ஒருவர்க்கும் உரியதன்று என வரையறுத்துக் கணக்கின்கீழ்க் கொணர்ந்தபோதே அது பல்லாயிரவர்க்கு உரியதாயிற்று.

ஆதலின் மடங்களையும் கோயில்களையும் அறக்கட்டளைகளையும் பாதுகாக்கும் பெரியோர் இவ்வரலாற்றைத் தமக்குரியதாகவே கருதல் வேண்டும். பழைய கட்டளைகள் பல இன்றும் பெயரளவில் நிற்கின்றன. எழுதியவரின் பெயர் கல்லில் உள்ளது. எழுதப்பட்ட விளக்கு எரிகின்றதா, எழுதப்பட்ட படி நெல் அளக்கப்படுகின்றதா என்று ஆண்டுதோறும் நோக்குவார் வேண்டும். கட்டளையின் கணக்கைத் தெளிவுற வைத்தலும் சிவத்தொண்டேயாம். வள்ளல் ஒருவர் எழுதிச்சென்ற அறத்தை மீட்க வேற்று நாட்டார் ஒருவர் வரவேண்டியிருந்தது என்னும் செய்தி நமக்குப் பெருமை தருவதன்று.

பெரியபாளையத்திற் பிறர் மனையிற் பிறந்த குழந்தை, ஐயாற்றிற் காவிரிக்கரையில் உடல் நீத்தது. இடைப்பட்ட நாற்பதாண்டுகளுள் அது பெற்ற உதவிகள் இரண்டு. அவற்றை நல்கியோர் ரெட்டிராயரும் நாராயண பிள்ளையும். அவ்விருவர்தம் இரக்கமே பின்னர்க் கோயில் விளக்காயும், அன்னச் சத்திரமாயும், கல்லூரியாயும் பெருகியது. தில்லைக்குச் செல்லும் அன்பர்கள் இனிக் கீழைக் கோபுரத்தைக் கடக்கும்போது, அங்குக் கைகூப்பி நிற்கும் அவ்வுருவத்தின்முன் ஒருகணம் நின்று, தம் இல்லத்தை அடுத்துத் தந்தையற்று வாழும் சிறுவர் எவரேனும் உளரோ என நினைத்துப் பார்ப்பாராயின், அதுவே அவ்வள்ளலார்க்குச் செய்யும் வழிபாடாகும்.

சிவம்.