98 ஆட்டங்களில் 537 கோல்கள்: முழங்கால் முடக்கிப்போட்ட ஜான் கோல்மன்

ஆஸ்திரேலிய ரூல்ஸ் காற்பந்து லீக்கில் ஆண்டுதோறும் ஆக அதிகக் கோல் போடும் ஆட்டக்காரருக்குக் கோல்மன் பதக்கம் வழங்கப்படுகிறது. அந்தப் பெயருக்குரிய ஜான் கோல்மன் லீக்கில் ஆடியது 98 ஆட்டங்கள் மட்டுமே.

நாம் பார்த்துப் பழகிய காற்பந்து அல்ல இது. பந்தும் திடலும் முட்டை வடிவம். அணிக்கு 18 பேர். பந்தைக் கையாலும் பிடிக்கலாம். திடலின் இரு முனைகளிலும் நான்கு கம்பங்கள். நடுக்கம்பங்கள் இரண்டுக்கும் இடையே உதைத்தால் கோல், அதற்கு 6 புள்ளிகள். தூரத்திலிருந்து உதைபட்டு வரும் பந்தை அந்தரத்திலேயே பிடித்துவிட்டால், தடையின்றி உதைக்கும் வாய்ப்பு கிடைக்கும். எதிரணியினரின் தோளுக்கு மேல் எம்பிப் பந்தைப் பறிப்பதில் கோல்மன் கெட்டிக்காரர்.

விக்டோரியா மாநிலத்தின் போர்ட் ஃபேரியில் 1928-இல் பிறந்த அவர், 1949-இல் எசன்டன் அணிக்காகக் களமிறங்கினார். ஹாவ்தோர்னுக்கு எதிரான முதல் ஆட்டத்திலேயே 12 கோல்கள்! அவ்வாண்டின் 100-வது கோலை இறுதியாட்டத்தில் போட்டார். எசன்டன் கிண்ணத்தை வென்றது. மறு ஆண்டு 120 கோல்கள், மீண்டும் கிண்ணம்.

1951-இல்தான் சோதனை வந்தது. தகுதிச் சுற்றின் கடைசி ஆட்டத்தில் கார்ல்டன் அணியின் ஹேரி காஸ்பர் அவரைத் தாக்க, கோல்மன் பொறுமையிழந்து திருப்பி அடித்தார். விசாரணைக் குழு இருவருக்கும் நான்கு ஆட்டத் தடை விதித்தது. முதலில் கை ஓங்கியவருக்கும் பதிலடி கொடுத்தவருக்கும் ஒரே தண்டனை என்பது இன்றும் நெருடுகிறது. கோல்மன் கண்ணீரோடு வெளியே வந்தார். அவர் இல்லாத இறுதியாட்டத்தில் எசன்டன் ஜீலோங்கிடம் 11 புள்ளிகளில் தோற்றது. ஆட்டத்துக்குச் சராசரியாக ஐந்து கோல்களுக்கு மேல் போட்டவர் அவர். இரண்டே கோல்கள் கூடுதலாக விழுந்திருந்தால் கிண்ணம் எசன்டனுக்குத்தான்.

1954-இல் ஃபிட்ஸ்ராய்க்கு எதிராக 14 கோல்கள் போட்டார். அடுத்த வார ஆட்டத்தில் முழங்கால் மூட்டு விலகியது. அப்போது வயது 25. மீண்டும் ஆட எவ்வளவோ முயன்றார், கால் ஒத்துழைக்கவில்லை.

1961-இல் பயிற்றுநராக எசன்டனுக்குத் திரும்பி, 1962-இலும் 1965-இலும் கிண்ணம் வென்று கொடுத்தார். கடலோர ஊரான டிரோமானாவில் ஹோட்டல் நடத்தி வந்தவர், 1973 ஏப்ரலில் இதய நோயால் திடீரெனக் காலமானார். அப்போது அவருக்கு 44 வயது.